கடுகெண்ணெய் மேல் போட்ட பழி

இன்று காலை சமையலறை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது, பின்னால் ஒதுங்கிக் கிடந்த ஒரு எவர்சில்வர் டப்பா கையில் அகப்பட்டது. போன தீபாவளிக்கு அண்ணி திருநெல்வேலியிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு. மூடியைத் திறந்ததும் காறல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. என் மகள் "ஈஷ், மா, ஃபேலே தாவ்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தூக்கிப் போடு என்கிறாள். அவளுக்கு வங்காளம்தான் முதலில் வாயில் வரும். நான் போடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. இனிமேல் பதில் வராது என்று தெரிந்த பிறகு எழுதுவது சுலபமாக இருக்கிறது. இதுவும் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், லேக் கார்டன்ஸில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அந்த விடுதியில் இரண்டாவது மாடி அறை நம்முடையது. நீ தேர்வெழுதி மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ வேலை வாங்கி, மன்னார்குடியிலிருந்து நேராக இந்த ஊருக்கு வந்து இறங்கியிருந்தாய். வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. நான் ஹௌராவுக்கு அப்பால் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும், கரியாஹாட் பக்கத்தில் ஒரு சின்ன பாத்தாலஜி லேபில் டெக்னீஷியன் வேலை கிடைத்ததால் இங்கேயே தங்கிவிட்டேன். பேச்சைக் கேட்டால் யாரும் என்னைத் தமிழ்ப்பெண் என்று சொல்லமாட்டார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று உனக்கு அப்போது தெரியாது.

நீ வந்து இரண்டு மாதம் கழித்து உன் அம்மா அனுப்பிய பார்சல் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. பிரித்தால் முறுக்கெல்லாம் இதே வாடை.

"காறிப்போச்சுடி, தூக்கிப் போடு" என்றேன்.

"காறினா என்ன? எங்கம்மா கையால சுத்துனது. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. இங்க பாரு." பார்சல் சுற்றி வந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஆங்கில எழுத்து E ஒன்றை வரைந்தேன். "இதுதான் கொழுப்பு. இது முதுகு, இது மூணு கை. டப்பாவுல கெடந்து காத்தும் வெளிச்சமும் பட்டா இந்தக் கையெல்லாம் கண்டபடி உடையும். அதான் இந்த நாத்தம். நம்ம உடம்பும் இத உடைக்கத்தான் செய்யும், ஆனா முறையா உடைக்கும். முதல்ல பித்தநீர் வந்து, சோப்பு மாதிரி, எண்ணெயப் பொடிப்பொடித் துளியாப் பிரிச்சு விடும். அப்புறம் கணையத்துலேர்ந்து ஒரு நீர் வரும். அது கத்திரிக்கோல் மாதிரி ரெண்டு கைய வெட்டிடும். வெட்டினாத்தான் குடல் உள்ள இழுத்துக்கும்."

"வெட்டலன்னா?"

"வெட்டலன்னா எண்ணெய் எண்ணெயாவே வெளிய போயிடும்."

"ஒரு முறுக்குக்கு இத்தனை பாடமா?" என்று சிரித்துவிட்டு அடுத்த முறுக்கைக் கடித்தாய். வெளியே ரயில் போகும் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. உன் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காறல் முறுக்கை நானும் நாலைந்து தின்றேன்.

இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான். என் வாயாலேயே உனக்குச் சொல்லியிருந்தேன். அதுமட்டுமா? லேபில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது அந்தச் சோதனையை என் கையால் செய்வேன். மலத்தில் ஒரு துளி எடுத்து ஸ்லைடில் தடவி, கொழுப்பில் மட்டும் ஏறும் சூடான் என்ற சாயத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். செரிக்காத கொழுப்பு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் குண்டு குண்டாக மிதக்கும். எண்ணி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

அந்த வருட மழைக்காலத்தில் உனக்குச் சாப்பிட்டதும் வலி வர ஆரம்பித்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாய். முதுகுக்கும் வலி போகிறது என்பாய்.

"இந்த ஊரு கடுகெண்ணெய் எனக்கு ஒத்துக்கல" என்றாய்.

"ஆமா, பழகணும். புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான்" என்றேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த எண்ணெய்மேல் பழியைப் போட்டோம். நீ நம்பிச் சொன்னாய். நான் வசதிக்காகச் சொன்னேன். நீ மெலிந்துகொண்டே போனாய். ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. மாடியில் இருந்த பெண்கள் உன்னைப் பார்த்து, என்ன சாப்பிட்டால் இப்படி இளைக்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். நான் அதை உனக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய்.

பிறகு குளியலறை விஷயம் தொடங்கியது. எட்டுப் பெண்களுக்கு, குளிப்பதற்கும் சேர்த்து, ஒரே கழிவறை. நீ போய்விட்டு வந்தால் அங்கே ஒரு வாடை நிற்கும். வழக்கமான வாடை இல்லை அது. கனத்த, எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய வாடை. தண்ணீர் ஊற்றினாலும் போகாது, மிதக்கும். இரண்டு வாளி, மூன்று வாளி ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகும் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக நிற்கும். நீ விடியும் முன்பே எழுந்துகொள்ள ஆரம்பித்தாய். கரியாஹாட் போய் உனக்கென்று ஃபினாயில் பாட்டிலும் தேய்க்கிற பிரஷ்ஷும் வாங்கி வந்தாய். மற்றவர்கள் எழுவதற்கு முன் முழங்காலில் உட்கார்ந்து அந்தத் தரையைத் தேய்த்துக் கழுவி, ஜன்னலில் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வருவாய். அந்த மாடியில் உன்னைப்போல் சுத்தம் பார்த்தவள் யாரும் இல்லை. நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, நீ பிரஷ் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

ஒருநாள் உனக்குப் பின்னால் உடனே உள்ளே போனேன். அந்தப் படலத்தைக் குனிந்து பார்த்தேன். ஒரு நொடி எனக்கு லேப் நினைவு வந்தது. வந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பாள், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாளியைக் கவிழ்த்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். 'மாத்ராஜி அறை' என்றார்கள், மதராசிக்காரிகளின் அறை என்று. உன்னை மட்டும் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துச் சொன்னார்கள். அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பாட்டைப் பாடி, பூஜைக்கு அவர்களைப் போலவே சிவப்புக் கரைப் புடவை கட்டிக்கொண்டு சுற்றிய என்னை, ஒரு நாற்றம் மறுபடியும் உன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்தக் கோபம் எனக்கு உன்மேல் வந்தது. உன் வலிமேல் இரக்கம் வரவேண்டிய இடத்தில் அதுதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து கம்பி விட்டுக் குடைந்து, மஞ்சள் கலந்த வெள்ளையாய் ஒரு கட்டியை இழுத்துப் போட்டார். இறுகிப்போன கொழுப்பு. சமையலறைக் குழாயில் வருஷக்கணக்காக ஊற்றிய மீன் பொரித்த எண்ணெய் என்று அவர் தெளிவாகச் சொன்னார். காஸ்டிக் சோடா கொட்டி வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு உடைந்து சோப்பாகிக் கரைந்து ஓடிவிடும் என்றார். அப்படியே செய்தார், ஓடியது. ஆனால் மாடியில் நின்று பார்த்த பெண்கள் அந்தக் கட்டியையும் பார்த்தார்கள், உன்னையும் பார்த்தார்கள். பிளம்பர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை விடுதிப் பொறுப்பாளர் அம்மா நம் இருவரையும் கீழே அழைத்தார். எல்லோரும் அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். குரல் கடுமை, ஆள் நல்லவர். நீ பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

மாஷிமா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் வங்காளத்தில் கேட்டார். "இந்தப் பெண் ரொம்ப இளைத்துப் போயிருக்கிறாளே, இவளுக்கு ஏதாவது நோயா? தெரு முனை டாக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். வரச் சொல்லட்டுமா? இவளிடம் கேட்டுச் சொல்."

கேட்டுச் சொல் என்றார். நான் உன்னிடம் கேட்கவில்லை.

"நா மாஷிமா, ஓசுக் நா. ஓ ஏக்டு நோங்ரா" என்றேன். இல்லை மாஷிமா, நோய் எல்லாம் இல்லை, அவள் கொஞ்சம் அழுக்கு. அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

மாஷிமாவின் முகம் மாறியது. அழுக்கான பெண்ணை விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது, மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்கச் சொல் என்றார்.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னடி சொல்றாங்க?"

"மத்தவங்க புகார் குடுத்துட்டாங்களாம். நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். வேற எடம் பாத்துக்கிறது நல்லதுன்னு சொல்றாங்க."

நீ மாஷிமாவைப் பார்த்துக் கைகூப்பினாய். படியேறும்போது, "எனக்காக நீ பேசுனியே, அது போதும்" என்றாய்.

இடமும் நானே பார்த்துக் கொடுத்தேன். சாந்த்ராகாச்சியில், அப்பாவோடு வேலை பார்த்த ஒரு தெலுங்கு ரயில்வே கார்டு வீட்டில் ஓர் அறை. கழிவறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. உனக்குச் சௌகரியம் என்றேன். தினமும் ரயிலில் நசுங்கி ஹௌரா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அலுவலகம் போக வேண்டும். அதற்கும் நீ தலையாட்டினாய். நீ போன மறுநாளே மாடிப் பெண்கள் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். "நீ எங்க ஊர்ப் பெண்தானே" என்று ஒருத்தி என் தோளில் கை போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

அதற்குப் பிறகு நீ எப்படி வாழ்ந்தாய் என்று பின்னால்தான் சொன்னாய். எண்ணெய் பட்ட எதையும் தொடாமல், பொரியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு அலுவலகம் போயிருக்கிறாய். நாற்றம் வராமல் இருந்தால் போதும் என்று. கொழுப்பைச் சாப்பிடாவிட்டால் வாடை குறையும் என்பதை யாரும் சொல்லாமல் நீயே கண்டுபிடித்திருந்தாய்.

கடைசியில் ஒருநாள் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டே நாற்காலியோடு சரிந்தாய். டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில், கணையம் இருக்கும் இடத்தில் மணலை அள்ளி இறைத்தாற்போல் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். சர்க்கரையும் ஏறியிருந்தது. மலத்தில் கொழுப்புச் சோதனை எழுதிக் கொடுத்தார். நீ அதை எடுத்துக்கொண்டு சாந்த்ராகாச்சியிலிருந்து கரியாஹாட் வரை, என் லேபுக்கு வந்தாய்.

சாம்பிள் டப்பாவை நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, இனிப்புக்கடை அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு உன்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த அளவுக்குக் காய்ந்து போயிருந்தாய்.

"வேற எங்கயும் கொண்டுபோய்க் குடுக்க முடியாதுடி. கூச்சமா இருக்கு. நீன்னா பரவால்ல" என்றாய்.

உள்ளே போய் ஸ்லைடு போட்டேன். சாயம் விட்டேன். கண்ணை வைத்தேன். எங்கு நகர்த்தினாலும் ஆரஞ்சு. எண்ணுவதற்கு இடமே இல்லை. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் வெளியே வந்து உன்னைப் பார்க்க வேண்டுமே.

"டாக்டர் கேட்டாரு" என்று நீ பிறகு சொன்னாய். "ஒரு வருஷத்துக்கு மேல இப்படிப் போயிருக்கே, இது ஒரு வியாதின்னு உனக்கு யாருமே சொல்லலயான்னு. யார்கிட்டப் போயி இதக் கேப்பேன், சொல்லு. நீ அன்னிக்கு E போட்டுக் காட்டுனியே, அதுகூட அப்ப எனக்கு ஞாபகம் வரல. நான் எண்ணெயத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தெற்கே, குடிக்காத சின்ன வயதுக்காரர்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருந்தார். கணையநீருக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. கூடவே இன்சுலின் ஊசி. மூன்று மாதத்தில் உன் கன்னத்தில் சதை பிடித்தது. கரியாஹாட் ஹோட்டலில் லுச்சி என்கிற மைதா பூரி சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து அந்த மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்து, "இரு, என் கணையம் மொதல்ல சாப்பிடட்டும்" என்பாய். நெய் விட்டுப் பருப்புச் சாதம் பிசைந்து சாப்பிடும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கழுவிவிட்ட குழந்தை முகம் மாதிரி இருக்கும்.

அப்படி ஏழெட்டு வருடம். எனக்குக் கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். நீ அவளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டாய். நீ வங்காளம் நன்றாகவே பேசக் கற்றுக்கொண்டிருந்தாய், என் மாமியாரையே சிரிக்க வைக்கும் அளவுக்கு. விடுதியைப் பற்றி மட்டும் நீ பேச்செடுக்கமாட்டாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு டிசம்பர் மதியம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தாள். நீ பேச்சுவாக்கில், "போன வாரம் டாக்டர் சொன்னாரு, இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா ஊசி வரைக்கும் போயிருக்க வேண்டாமோ என்னமோன்னு" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அன்னிக்கு மாஷிமாகிட்ட நான் உனக்காகப் பேசல" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நோங்ரான்னு சொன்னே." நீ ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "காதுல விழுந்தத அப்படியே வாங்கி வச்சுக்கிறதுதானே என் வேலை. அந்த வார்த்தை எனக்குள்ளயே கெடந்துச்சு. கார்டு வீட்டுக்குப் போன ரெண்டாவது வாரம், வேலைக்கு வந்த பொண்ணு தரைத்துணியக் காட்டி நோங்ரான்னா. அன்னிக்குப் புரிஞ்சுச்சு. ரெண்டு நாள் அழுதேன். அப்புறம், நாத்தம் தாங்காமச் சொல்லிட்டா, யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். நீ மன்னித்துவிட்ட அளவை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மாஷிமா கேட்டதையும் சொல்லிவிட்டேன். உனக்கு உண்மை தெரிய வேண்டும் என்றா, என் பாரம் குறைய வேண்டும் என்றா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நீ என் பக்கம் திரும்பினாய். "டாக்டரக் கூப்பிடவான்னு கேட்டாங்களா?"

"ஆமா."

"அவங்க சொன்னத அப்படியே சொல்லு. பெங்காலியிலயே சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நீ டிக்டேஷன் எடுக்கிறவளைப் போல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாய். முடிந்ததும் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாய். மகளைக் கூப்பிட்டு அவள் தலையைத் தடவினாய். கேட்டைத் தாண்டி நீ தெருவில் கலந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒன்றரை வருடம். போன் செய்தால் கார்டு வீட்டு அம்மாதான் எடுப்பார். நீ வீட்டில் இல்லை என்பார். பின்னால் நீ இருமும் சத்தம் கேட்கும். கடிதங்கள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹோட்டலில் தனியாக உட்கார்ந்தும் பார்த்தேன்.

கடைசியில் அந்த அம்மாவே போன் செய்தார். உனக்குக் காமாலை, கணையத்தில் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், மன்னார்குடியிலிருந்து உன் அண்ணன் வந்துகொண்டிருக்கிறார் என்றார். மறுநாள் மதியம் வந்தேன். வார்டின் கடைசிக் கட்டில். மஞ்சள் தேய்த்தாற்போல் கிடந்தாய். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். கட்டி பித்தக் குழாயை அடைத்துவிட்டது என்று கேஸ் ஷீட்டில் படித்தேன். மாத்திரையால் கணையத்தின் வேலையைச் செய்ய முடிந்தது. இப்போது பித்தமும் வராமல் போனது. உடம்பு கொழுப்பைக் கையாள வைத்திருந்த இரண்டு வழியும் உனக்கு மூடிவிட்டன.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். கட்டில் ஓரம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உன் முகம் சுருங்கியது. வாடை வந்தது. அதே வாடை. வார்டு வேலை பார்க்கும் ஆயா மாசி துணியும் தண்ணீரும் எடுத்து வந்து திரையை இழுத்தார். நான் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வேலையை நான் செய்ய வேண்டும் என்று ஒன்றரை வருடமாகக் காத்திருந்தவள் மாதிரி கையை நீட்டினேன்.

நீ தலையை ஆட்டினாய். வலியில் உனக்கு வங்காளம் எல்லாம் விட்டுப்போயிருந்தது. தமிழில்தான் முனகினாய். ஆயா மாசிக்குப் புரியவில்லை. "கீ போல்சே, தீதி?" என்று என்னைக் கேட்டார். என்ன சொல்கிறாள் அவள் என்று.

நீ சொன்னது இதுதான்: "அவள வெளிய நிக்கச் சொல்லு. அவ பாக்க வேணாம்."

அதை ஒரு எழுத்து குறையாமல் ஆயா மாசிக்கு வங்காளத்தில் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் திரையை மூடினார். நான் வராந்தாவில் போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் வந்தார். இரண்டு நாளில் உன்னை ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுபோனார். ஹௌராவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஸ்ட்ரெச்சரில் உன்னை ஏற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே போனில் சொன்னார்.

அன்று நீ சொன்னதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் என்னைத் தள்ளி நிறுத்தினாயா, அல்லது கூச்சப்பட்டாயா? கோபம் என்றால் எனக்கு அது வேண்டும்தான், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். கூச்சம் என்றால்தான் தாங்க முடியவில்லை. லேப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நீன்னா பரவால்ல என்று சொன்னவள் நீ. என் எதிரில் கூச்சப்பட உனக்குக் கற்றுக் கொடுத்தவள் நான்.

ஒருநாள் காலண்டர்களை எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தேன். மாஷிமா டாக்டரை வரச் சொல்லட்டுமா என்று கேட்ட அந்த ஞாயிறிலிருந்து, உனக்கு எக்ஸ்ரே எடுத்த நாள் வரை பதினான்கு மாதம். பதினான்கு மாதம் நீ பொரியை நனைத்துத் தின்றாய், ரயிலில் வலியோடு நின்றாய், நாற்றத்துக்குப் பயந்து மனிதர்களை விட்டு ஒதுங்கினாய். அந்த டாக்டர் அன்று வந்து பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எங்கள் லேப் டாக்டரிடம் ஒருமுறை யாரோ ஒருவர் கதைபோல் கேட்டேன். சொல்ல முடியாது, கட்டி அப்போதும் வந்திருக்கலாம் என்றார். என் கதைதான் என்று புரிந்துகொண்டு, எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிழைத்திருப்பாயோ மாட்டாயோ, அந்தப் பதினான்கு மாதமாவது நீ வயிறாரச் சாப்பிட்டிருப்பாய். அவை உன்னுடையவை. உன் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டவை. திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் இன்னும் என்னிடமேதான் இருக்கின்றன.